பழம் புடவையும் புதுக் குழந்தையும்

வீட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் புதிதாக ஏதாவது வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கிலுகிலுப்பை வருகிறது, பட்டுச் சட்டை வருகிறது, வெள்ளி அரைஞாணும் தண்டையும் வருகின்றன. ஆனால், அந்தக் குழந்தையின் உடம்பில் முதன்முதலாகப் படுகிற துணி இவற்றில் எதுவும் அன்று. பாட்டியின் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்த பழைய நூல் புடவையோ, தாத்தா கட்டிக் கட்டி நைந்துபோன வேஷ்டியின் ஒரு துண்டோதான் அது. பச்சைக் குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்திருக்கும் வழக்கம்.

இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். புதுத் துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கிறது; சாயத்தின் நெடி இருக்கிறது; நூலின் சொரசொரப்பு இருக்கிறது. நூறு முறை துவைத்து நூறு முறை வெயிலில் உலர்ந்த பருத்தித் துணியிலோ இவை யாவும் போய்விடுகின்றன. மிஞ்சுவது வெறும் மென்மை. இந்த மென்மையைக் காசு கொடுத்து வாங்க இயலாது. ஒருவர் கட்டி, உழைத்து, வியர்த்து, துவைத்துத்தான் அதை உண்டாக்க வேண்டும். ஆகவே, குழந்தைக்குப் பழந்துணி கொடுக்கிற குடும்பம் தன்னிடம் உள்ள பொருள்களில் மிக அருமையானதையே கொடுக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இப்படிப்பட்ட துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், துண்டு துண்டாக ஒட்டுப் போட்டும், குழந்தைக்கு விரிப்பும் போர்வையும் தைப்பது நம் தேசத்தின் பல பாகங்களில் பெண்களின் கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வங்காளத்திலும் பீகாரிலும் கன்னட நாட்டிலும் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். பிறகு நம் வீட்டுக் கூடத்திலேயே அதைச் செய்வது எப்படி என்று யோசிப்போம்.

வங்காளத்துக் காந்தா

வங்காளத்தில் இதற்குக் 'காந்தா' என்று பெயர். வடமொழியில் 'கந்தா' என்றால் பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்த ஆடை. நாம் 'கந்தை' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தாம். நம்மிடையே அந்தச் சொல் வறுமையின் அடையாளமாக நின்றுவிட்டது. வங்காளத்திலோ அது ஓர் அழகிய கலையின் பெயராக உயர்ந்துவிட்டது.

உடுத்தி நைந்த வெள்ளைப் புடவைகளையும் வேஷ்டிகளையும் மூன்று நான்கு அடுக்காகத் தரையில் சுருக்கமின்றி விரிக்கிறார்கள். அடுக்குகள் நகராதபடி நீளமான தையல்களால் முதலில் பிணைத்துக்கொள்கிறார்கள். பிறகு பூ வேலை தொடங்குகிறது. நடுவில் ஒரு தாமரை. நான்கு மூலைகளிலும் மரங்கள் அல்லது மாங்காய் வடிவங்கள். இடையிடையே மீன், யானை, தேர், பல்லக்கு என்று அவரவர் மனத்தில் தோன்றுகிற உருவங்கள். இவ்வளவும் பெரும்பாலும் நூலோட்டம் என்னும் மிக எளிய தையலால் ஆனவை. வண்ண நூலுக்காகப் பழம் புடவையின் கரையிலிருந்தே இழைகளை உருவி எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆக, துணியும் பழையது, நூலும் பழையது. புதியது ஊசி ஒன்றுதான். அதுவும் பழைய ஊசியாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்!

உபயோகத்துக்கேற்பக் காந்தாவுக்குப் பெயர் மாறும். குளிர்காலத்தில் போர்த்திக்கொள்வது 'லேப்'. விருந்தினர் அமர்வதற்கு விரிப்பது 'ஆசன்'. முகம் பார்க்கும் கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பது 'ஆர்ஷிலதா'. குழந்தைகளுக்கென்று தைப்பவை இவற்றைவிடச் சிறியவை. அவற்றில் சித்திரம் அதிகம் இராது. நாள்தோறும் நனைந்து, துவைத்து, உலர்ந்து, கடைசியில் கிழிந்து போவதே அவற்றின் விதி. அதனால் அவை கலைக்கூடங்களில் அதிகம் இடம் பெறவில்லை. ஆனால் பெண்களின் கைகள் பழகியது அவற்றைத் தைத்துத்தான்.

குருசதய தத்தர் (1882–1941) ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் இருந்தவர். ஜில்லா ஜில்லாவாக மாற்றலாகிச் சென்ற இடங்களில் எல்லாம் கிராமக் கலைப் பொருள்களைச் சேகரிப்பதில் அவருக்குப் பெரும் பற்று. மற்றவர்கள் கந்தை என்று ஒதுக்கியவற்றை அவர் கலையென்று கண்டுகொண்டார். அவர் சேகரித்த காந்தாக்கள், கொல்கத்தாவின் தென்கோடியில் ஜோகாவில் அவர் பெயரால் 1963-ல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தைச் சேர்ந்தன. மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த 19-ஆம் நூற்றாண்டுக் காந்தாவும் அவற்றுள் ஒன்று. தைத்தவர் பெயர் அதில் ஊசியாலேயே எழுதப்பட்டிருக்கிறது. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939-ல் காந்தாவைப் பற்றி ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் சேகரித்த காந்தாக்கள் 2009-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கலைக்கூடத்தில் காந்தாவுக்கென்றே நடந்த கண்காட்சியில் இடம் பெற்றன. ஒரு கிராமத்துத் தாயார் மத்தியான வேளையில் தாழ்வாரத்தில் அமர்ந்து தைத்த கந்தை, கடல் கடந்து சென்று கண்ணாடிக்குள் அமர்ந்துவிட்டது!

நல்ல பிறப்புக்கு ஒரு தையல்

வங்காளத்துக்கு அடுத்த பீகாரில் இதே கலைக்குச் 'சுஜனி' என்று பெயர். 'சு' என்றால் நல்லது. 'ஜனி' என்றால் பிறப்பு. பிறந்த குழந்தையைச் சுற்றி அணைத்துக்கொள்வதற்காகவே இது ஏற்பட்டது என்று பெயரே சொல்கிறது. சிதறிய கந்தல்களுக்கெல்லாம் அதிதேவதையாகச் 'சித்திரியா மா' என்னும் தாயை அவ்வூர்ப் பெண்கள் நினைக்கிறார்கள். சிதறிக் கிடக்கும் துண்டுகள் எல்லாம் ஒரு முழுமைக்கு உரியவை என்பது அதன் தாத்பரியம்.

முஜபர்பூர் ஜில்லாவில் பூசுரா என்ற கிராமத்தைச் சுற்றி இந்தக் கலை 1988-லிருந்து புத்துயிர் பெற்றது. முன்பு பூவும் பறவையும் தைத்த பெண்கள், வரதட்சிணைக் கொடுமை, பெண் கல்வி முதலிய விஷயங்களையும் துணியில் தைக்கத் தொடங்கினார்கள். சுஜனிக்கு 2006-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கிராமத்துக் கலைஞரான நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. காந்தாக் கலைக்காகப் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-லும், தக்தீரா பேகத்துக்கு 2024-லும் அதே கௌரவம் கிடைத்திருக்கிறது. குழந்தையின் கீழ் விரித்த துணியில் பிறந்த கலை ராஷ்டிரபதி பவனம் வரையில் சென்றிருக்கிறது என்பது நாம் அனைவரும் பெருமைப்படத் தக்க செய்தியே.

கர்நாடகத்தில் உத்தர கன்னட ஜில்லாவின் காட்டுப் பகுதிகளில் சித்தி என்ற இனத்தார் வாழ்கிறார்கள். (நம் சிற்றன்னைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை!) ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் இவர்கள். இவர்கள் தைக்கும் 'கவண்டி' அசல் ஒட்டுத் துணி வேலை. அடித் துணியின் ஒரு மூலையில் தொடங்கி, வண்ணத் துண்டுகளின் ஓரங்களை மடித்து மடித்துத் தைத்துக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் பூப்போல் வைத்துத் தைக்கிறார்கள். அந்தப் பூக்கள் இல்லாவிட்டால் கவண்டி ஆடையில்லாமல் நிற்பதாக அவர்கள் எண்ணுகிறார்கள்.

ஏன் இப்படிக் கந்தலைத் தேடிப் போய்க் குழந்தையைச் சுற்ற வேண்டும்? மென்மை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்துபோன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் 'குப்புசாமி' என்றும், மடிப்பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் 'பிச்சை' என்றும் பெயர் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது அல்லவா? 'இது அற்பப் பொருள், இதன்மேல் கண் வைக்காதே' என்று விதியிடம் சொல்லும் தந்திரம் அது. கந்தையில் குழந்தையைச் சுற்றுவதிலும் அதே அச்சமும் அதே அன்பும் இருக்கின்றன. சீன தேசத்திலும் நூறு வீடுகளில் துண்டுத் துணி வாங்கிக் குழந்தைக்குப் போர்வை தைப்பது வழக்கம். நூறு குடும்பங்களின் ஆசி அதில் சேருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையை ஒப்புக்கொள்ளாதவர்களும், அதற்குள் இருக்கும் தாய்மனத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

நம் வீட்டில் தைப்பது எப்படி?

இனி வேலைக்கு வருவோம். ஒரு கஜம் அகலமும் ஒரு கஜம் நீளமும் உள்ள ஒரு சதுர விரிப்பை எடுத்துக்கொள்வோம். அதாவது 36 அங்குலச் சதுரம். மேற்புறத்துக்கு 36 துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் தைத்து முடிந்தபின் 6 அங்குலச் சதுரமாக இருக்கும். தையலுக்கு எல்லாப் புறமும் அரை அங்குலம் விட வேண்டியிருப்பதால் 7 அங்குலமாக வெட்ட வேண்டும். கெட்டி அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டால், அதை வைத்துக் கோடு போட்டு எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவாக வெட்டலாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பருத்தி ஒன்றே உகந்தது. கதர் வேஷ்டி பழகப் பழக வெண்ணெய் போல் ஆகிவிடும். அது கிடைத்தால் பாக்கியம். எல்லாவற்றையும் வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டை விரல்களாலும் இழுத்துப் பாருங்கள். கிழிகிற இடத்தை விட்டுவிட்டுத் தாங்குகிற இடத்தில் வெட்டுங்கள். சரிகைக் கரை வேண்டாம். அது குழந்தையின் தோலைக் கீறும்.

துண்டுகளைத் தரையில் ஆறுக்கு ஆறாகப் பரப்பி, நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலையில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அபிப்பிராயம் சொல்ல வருவார்கள், வரட்டும். மனத்துக்குப் பிடித்தபின் ஆறு ஆறு துண்டாகச் சேர்த்து ஆறு வரிசைகள் தையுங்கள். பின்புறத் தையல் ஓரங்களை முதல் வரிசையில் இடப்பக்கமாகவும், அடுத்த வரிசையில் வலப்பக்கமாகவும் மாற்றி மாற்றிச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகளில் துணி தடித்துப் போகாது.

அடிப்புறத்துக்கு 40 அங்குலச் சதுரமாக ஒரு பழைய வேஷ்டித் துணி. அதன் நடுவில் 36 அங்குலமாக இன்னொரு வேஷ்டித் துணி. குளிர்ந்த ஊர்களில் இது இரண்டாக இருக்கலாம். அவற்றின்மேல் ஒட்டுப் போட்ட துணி. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளமான தையல்களால் பிணைத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். நாற்புறமும் மிஞ்சியிருக்கும் சுமார் 2 அங்குல அடித்துணியை மேற்புறமாக இருமுறை மடித்துத் தைத்துவிட்டால் ஓரம் அழகாக அமைந்துவிடும்.

இதன்பின் நூலோட்டம். அரை அங்குலத்துக்கு ஒரு வரிசையாக, எல்லா அடுக்குகளிலும் ஊசி நுழைந்து வர வேண்டும். நூல் கை நீளத்துக்குமேல் இருந்தால் சிக்கிக்கொள்ளும். முடிச்சு வெளியே தெரியாமல் அடுக்குகளுக்கு நடுவே மறைய வேண்டும். விரல் புண்ணாகாமல் இருக்கத் தையற்காரர்கள் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை அங்குல இடைவெளியில் 71 வரிசைகள். ஒரு வரிசை 36 அங்குலம். அங்குலத்துக்கு 4 தையல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,224 தையல்கள்! மலைக்க வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டு வரிசை தைத்தால் 36 நாளில் முடிந்துவிடும். வளைகாப்பு முடிந்ததும் தொடங்கினால் பிரசவத்துக்கு வெகு நாள் முன்பே தயாராகிவிடும். குழந்தை பிறப்பதற்குமுன் அதற்கென்று எதுவும் சேர்த்து வைக்கலாகாது என்று கருதும் வீடுகளும் உண்டு. அவர்கள் பிறந்தபின் தொடங்கட்டும். குழந்தை குப்புறக் கவிழ்ந்துகொள்ளப் பழகுவதற்குள் விரிப்பு தயாராகிவிடும்.

பாட்டி தைத்த வரிசை சற்று வளைந்திருக்கும். அத்தை தைத்தது நேராக இருக்கும். மூத்த குழந்தை அடம் பிடித்துத் தைத்த நாலு தையல் தனியாகத் தெரியும். ஒன்றையும் பிரிக்க வேண்டாம். ஆடவர்கள் ஊசி பிடிக்கலாகாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை. தகப்பனாரும் ஒரு வரிசை தைக்கலாம்.

வேலைக்கு உட்காரும்போதெல்லாம் ஊசியும் குண்டூசியும் எத்தனை எடுத்தோம் என்று எண்ணிவைத்து, எழுந்திருக்கும்போது மறுபடி எண்ணிப் பாருங்கள். பொத்தான், மணி, கண்ணாடி, குஞ்சம் எதுவும் கூடாது. குழந்தையின் கை எதைப் பற்றினாலும் அது வாய்க்குத்தான் போகும்.

எதற்கு உபயோகிக்கலாம்? எதற்குக் கூடாது?

இவ்வளவு அன்போடு தைத்ததைத் தூங்கும் குழந்தையின்மேல் போர்த்திப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பும் வரையில் அது கூடாது. குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை, மெத்துமெத்தென்ற விரிப்பு ஆகியவை இருந்தால், அவை மூக்கையும் வாயையும் மூடி மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட நெறிகளிலும் இதை வற்புறுத்தியிருக்கிறது. உறுதியான, சமமான படுக்கையில், மல்லாந்த நிலையில் குழந்தையை உறங்க வைப்பதே சரியானது.

அப்படியானால் இந்த விரிப்பால் என்ன பயன்? விழித்திருக்கும் குழந்தை, பெரியவர்கள் அருகில் இருக்கும்போது, கூடத்துத் தரையில் இதன்மேல் கிடந்து கைகால் உதைத்து விளையாடலாம். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கப் பழகலாம். வெயிலில் சிறிது நேரம் காட்டும்போது பாட்டி தன் மடியில் விரித்துக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்தபின் அதுவே அதன் போர்வையாகும்.

பழந்துணிக்கு வந்திருக்கும் பஞ்சம்

இவ்வளவும் படித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கிற நேயர்களில் பலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. பெட்டி நிறையப் புடவைகள் இருக்கும். ஆனால் அவற்றில் பருத்தி எத்தனை? தேய்க்க வேண்டாம், கசங்காது, சீக்கிரம் உலரும் என்று பாலியஸ்டர் புடவைகள் நம் வீடுகளில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் துணி நீரை உறிஞ்சாது. எத்தனை முறை துவைத்தாலும் பழம் பருத்தியின் மென்மை அதற்கு வராது. அது கிழியாமல் இருக்கும் என்பது உண்மை. கிழியாமல் இருந்து என்ன பயன், குழந்தையின் கீழ் விரிக்கத் தகுதியில்லாதபோது? இன்று நூல் புடவை கட்டாத தாய், நாளைக்குத் தன் பேரனுக்குக் கொடுக்கப் பழம் புடவை இல்லாத பாட்டியாக நிற்பாள்.

தைக்க நேரமோ துணியோ இல்லாதவர்கள் காந்தாவையும் சுஜனியையும் விலைக்கு வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கையால் தைத்ததா, இயந்திரத்தில் தைத்ததா, வெறும் தையல்போல் அச்சடித்ததா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கைத்தையலில் பின்புறத்திலும் தையல் தெரியும். இடைவெளிகள் சிறிது முன்பின்னாக இருக்கும். கைத்தையல் என்று தெரிந்தபின் பேரம் பேச வேண்டாம். 10,224 தையல்களுக்கு என்ன கூலி நியாயம் என்று, தாமே ஒரு வரிசை தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் நம் தெருவழியே வருவது இன்னும் நிற்கவில்லை. நான்கு நூல் புடவைகளைக் கொடுத்தால் ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கும். கிண்ணம் எந்தக் கடையிலும் இருக்கிறது. அம்மா இருபது வருஷம் கட்டிய புடவை எந்தக் கடையில் இருக்கிறது? அடுத்த முறை அவருடைய குரல் வாசலில் கேட்கும்போது, மற்றத் துணிகளை வேண்டுமானால் கொடுங்கள். நைந்த பருத்திப் புடவைகளையும் வேஷ்டிகளையும் மட்டும் துவைத்து உலர்த்திப் பெட்டிக்குள் வையுங்கள். அவற்றின்மேல் படுக்கப் போகிறவர் இன்னும் பிறக்கவில்லை என்றாலும், எப்போதாவது ஒரு நாள் அவசியம் வந்து சேருவார்.